மின்பாதை நெரிசல்: மும்பையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் மின்சாரம் வாங்கி விற்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பவாயிலும் மாட்டுங்காவிலும் எம்.டெக். படிக்க வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், அந்தேரி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், செம்பூர்ச் சொந்தக்காரர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஆறாவது கேள்வியில் ஒரு சின்னக் கணக்கு வரும், அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் வருவதில் பாதி அதன் மேல்தான் நிற்கிறது.

1. "லைன்ல நெரிசல்னு சொல்றீங்களே அக்கா, ரோட்ல டிராஃபிக் ஜாம் ஆகுற மாதிரியா?"

பாதிதான் சரி. சாலையில் இடம் இல்லையென்றால் வண்டி நின்று காத்திருக்கும். மின்சாரம் காத்திருக்காது. தாங்கக்கூடிய அளவைத் தாண்டியும் அது பாய்ந்துகொண்டே இருக்கும், கம்பி சூடாகித் தொய்யும், ரிலே என்ற பாதுகாப்புக் கருவி அந்த லைனைத் துண்டிக்கும், அது சுமந்த மொத்தமும் அதே நொடியில் பக்கத்து லைன்களின் மேல் விழும். அவையும் நிரம்பியிருந்தால் அடுத்தடுத்து அவையும் போகும்.

அதனால் நெரிசல் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் நடந்து முடிந்த ஒன்றை அல்ல. எல்லோரும் கேட்டபடி அனுப்பினால் ஏதோ ஒரு லைன் எல்லை மீறும் என்று முன்கூட்டியே கணக்கில் தெரிவதைத்தான். தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலிவான நிலையத்தைக் குறைத்து, இந்தப் பக்கம் இருக்கும் விலை கூடிய நிலையத்தை ஏற்ற வேண்டும். யாரை, எவ்வளவு, அந்தக் கூடுதல் செலவு யார் தலையில் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க வரும் விஷயம்.

2. "ஒரு லைன் இவ்வளவுதான் தாங்கும்னு யார் முடிவு பண்றாங்க?"

கம்பியின் சூடு ஒரு எல்லை, குறுகிய லைன்களில் அதுதான் முதலில் வரும். நீண்ட லைன்களில் அதற்கு முன்பே மின்னழுத்தம் சரிவதோ, இரு முனைகளுக்கும் இடையே கோண வித்தியாசம் கூடி நிலைத்தன்மை கெடுவதோ எல்லையாகிவிடும். இதற்கெல்லாம் மேலே 'என் மைனஸ் ஒன்' விதி ஒன்று இருக்கிறது. எந்த ஒரு லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ திடீரென்று போனாலும் மற்றவை எல்லைக்குள் இருக்க வேண்டும், அப்படிப் பார்த்துத்தான் இன்றைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்கிடுவார்கள். மொத்தத் திறனிலிருந்து பாதுகாப்புக்காக ஒரு பகுதியைக் கழித்து மிச்சத்தைக் கொடுப்பார்கள், ஏடிசி என்று எல்லோரும் சொல்வது அந்த மிச்சத்தைத்தான். இந்தக் கணக்கைப் போடுவது லோட் டெஸ்பாட்ச் மையங்கள், அதாவது கிரிட்டை இயக்கும் கட்டுப்பாட்டு மையங்கள்: கிரிட் இந்தியாவின் தேசிய மையம் டெல்லியிலும், மேற்கு மண்டல மையம் இங்கே அந்தேரியிலும், மகாராஷ்டிரத்தின் மாநில மையம் ஐரோலியிலும் இருக்கின்றன.

2012 ஜூலை 30, 31 மின்தடையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பீனா–குவாலியர் 400 கேவி லைனில் ஒரு சர்க்யூட் மேம்பாட்டு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது, மிஞ்சிய சர்க்யூட்டில் பாரம் கூடியதை ஏதோ பழுது என்று ரிலே எடுத்துக்கொண்டு துண்டித்தது. கம்பி உருகும் அளவுக்கு அதில் பாரம் இல்லை. ஆனாலும் முதல் நாள் வடக்கு கிரிட் விழுந்தது, மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. கம்பியின் திறனை மட்டும் பார்த்து எல்லை போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் நாட்டில் இல்லை.

3. "மும்பையில கரண்டே போறதில்லையே, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நாட்டிலேயே இந்தப் பிரச்சனையைப் பக்கத்தில் நின்று பார்க்க ஏற்ற ஊர் இதுதான். மூன்று பக்கமும் கடலும் கழிமுகமும். கோடையில் தேவை 4,000 மெகாவாட்டைத் தாண்டும், வெளியிலிருந்து உள்ளே வர லைன் போட இடமே கிடைக்காது. நகரத்துக்கு வெளியே மலிவான மின்சாரம் இருந்தாலும் முழுதாக உள்ளே கொண்டுவர முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதனால் ட்ராம்பேயில், செம்பூர்க்காரர்கள் தினமும் புகைபோக்கியைப் பார்க்கும் அந்த நிலையத்தில், விலை கூடினாலும் ஓட்டியாக வேண்டியிருந்தது.

2020 அக்டோபர் 12 காலை பத்து மணிக்கு நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். கல்வா–பட்கா 400 கேவி லைனில் ஒரு சர்க்யூட் பராமரிப்பில் இருக்கும்போது மற்றதும் போனது, லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. 2023-ல் கார்கர்–விக்ரோலி 400 கேவி லைன் வந்த பிறகு சுமார் 1,000 மெகாவாட் கூடுதலாக உள்ளே வர வழி கிடைத்தது. குடுஸ்–ஆரே உயர்மின்னழுத்த நேர்மின் இணைப்பும் இன்னொரு 1,000 மெகாவாட்டுக்காகத் திட்டமிடப்பட்டது.

4. "எங்க வீட்டு பில்லுல இது எங்க இருக்கு?"

தனி வரியாக எங்கும் இல்லை. விநியோக நிறுவனம் மின்சாரம் வாங்கிய செலவுக்குள்ளே ஒளிந்திருக்கிறது, எரிபொருள் சரிக்கட்டலாக மாதாமாதம் கொஞ்சம் வரும், புது லைனுக்கான செலவு டிரான்ஸ்மிஷன் கட்டணமாக வரும். நெரிசலால் இந்த மாதம் இவ்வளவு என்று ஒரு வீட்டுக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏனென்றால் செலவு தெரியாத இடத்தில் அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

5. "முன்னாடி எல்லாம் போர்டுதானே பார்த்துச்சு. மார்க்கெட் வந்ததாலதான் நெரிசலா?"

நெரிசல் அப்போதும் இருந்தது. ஆனால் மின் நிலையம், லைன், விநியோகம் எல்லாம் ஒரே வாரியத்திடம் இருந்ததால், இதைக் குறை அதை ஏற்று என்று ஒருவர் போனில் சொன்னால் முடிந்தது, யாருக்கும் தனியாக நஷ்டம் இல்லை. 2003 மின்சாரச் சட்டம் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றது, லைன்களை எல்லோருக்கும் பாகுபாடின்றித் திறந்துவிடச் சொன்னது. 2008 ஜூனில் ஐஇஎக்ஸ் என்ற மின்சாரப் பரிவர்த்தனை நிலையம் தொடங்கியது, அதே ஆண்டு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎக்ஸ்ஐஎல் என்ற இன்னொன்று வந்தது.

இப்போது குறைக்கச் சொல்லும் நிலையம் ஒருவருடையது, ஏற்றச் சொல்லும் நிலையம் இன்னொருவருடையது. என் நிலையத்தை ஏன் குறைத்தாய் என்று அவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் ஒரு கணக்காக இருக்க வேண்டும், அதை அவரும் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். அல்காரிதம் இங்கே இவ்வளவு முக்கியமானது இதனால்தான்.

6. "நான் அ கிட்ட வாங்குறேன், அ-விலிருந்து எனக்கு நேர் லைன் இருக்கு. அப்புறம் ஏன் மத்த லைன் பத்திக் கவலைப்படணும்?"

மின்சாரத்துக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது. எந்த வழியில் மின்மறுப்பு குறைவோ அந்த வழியில் அதிகமாகவும், மற்ற வழிகளில் குறைவாகவும், எல்லா வழியிலும் பாயும். ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள்: அ, ஆ என்று இரண்டு மின் நிலையங்கள், மூன்றாவது முனையில் நகரம். மூன்று லைனும் ஒரே மாதிரி. அ-விலிருந்து நகரத்துக்கு நேர்வழி ஒரு லைன், சுற்றுவழி இரண்டு லைன். ஆகவே அ அனுப்புவதில் மூன்றில் இரண்டு பங்கு நேராகவும் ஒரு பங்கு ஆ வழியாகச் சுற்றியும் வரும். ஆ அனுப்புவதிலும் மூன்றில் ஒரு பங்கு அ–நகரம் லைனில்தான் வரும். இந்தப் பங்குகளுக்குத்தான் பிடிடிஎஃப் என்று பெயர். (நேர்மின் இணைப்புகள் இதற்கு விலக்கு. ராய்கர்–புகளூர் 6,000 மெகாவாட் இணைப்பில் எவ்வளவு போக வேண்டும் என்று நாமே வைக்கலாம்.)

இப்போது கணக்கு. நகரத்துக்கு 300 மெகாவாட் வேண்டும். அ-வின் விலை யூனிட்டுக்கு 3 ரூபாய், ஆ-வின் விலை 5 ரூபாய். தடையே இல்லையென்றால் 300-ம் அ-விடம் வாங்குவோம், மணிக்கு 9 லட்சம் ரூபாய், அ–நகரம் லைனில் 200 மெகாவாட் போகும். ஆனால் அந்த லைன் 150 தான் தாங்கும் என்று வைப்போம். அ-வின் மூன்றில் இரண்டு பங்கும் ஆ-வின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து 150, இரண்டும் கூட்டினால் 300. தீர்த்துப் பாருங்கள், அ 150, ஆ 150 என்று வரும். செலவு மணிக்கு 12 லட்சம். லைனில் 50 மெகாவாட் குறைக்க 150 மெகாவாட்டை இடம் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு மணிக்கு 3 லட்சம் ரூபாய்.

7. "3 ரூபா, 5 ரூபா நிலையம்தான் இருக்கு. நகரத்துக்கு விலை 7 ரூபான்னு சாஃப்ட்வேர் சொல்லுது. சாஃப்ட்வேர் தப்பா?"

தப்பில்லை, சரியான விலைதான். நகரம் இன்னும் 1 மெகாவாட் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அ–நகரம் லைன் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதில் ஒரு துளியும் கூடக் கூடாது. ஆ-விலிருந்து 1 ஏற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கு அந்த லைனில் வந்துவிடும். அதைச் சமன்செய்ய ஒரே வழி, ஆ-வை 2 மெகாவாட் ஏற்றி அ-வை 1 குறைப்பது. செலவு இரண்டு ஐந்து பத்து, அதில் மூன்று போக ஏழு.

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் தடுக்கி நிற்கும் இடம் இது. விலை அதிகமான நிலையத்தின் விலையைவிட நகரத்தின் விலை அதிகம், யாரும் ஏமாற்றவில்லை. அந்த 7 ரூபாயில் ஒரு செய்தியும் இருக்கிறது: நகரத்தில் யாராவது ஒரு யூனிட்டைத் தவிர்த்தால் 7 ரூபாய் மிச்சம், அங்கேயே 6 ரூபாய்க்கு உற்பத்தி செய்ய முடிந்தால் அது லாபம்.

8. "நகரம் 7 குடுக்குது, அ-வுக்கு 3, ஆ-வுக்கு 5 தான் போகுது. நடுவுல உள்ள பணம் யாருக்கு?"

நகரம் கொடுப்பது மணிக்கு 21 லட்சம், நிலையங்களுக்குப் போவது 12 லட்சம், மிச்சம் 9 லட்சம். அந்த லைன் 1 மெகாவாட் கூடுதலாகத் தாங்கினால் அ-வில் 3 மெகாவாட் ஏற்றி ஆ-வில் 3 குறைக்கலாம், யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம். இதுதான் லைனின் நிழல் விலை. 6 ரூபாயை 150 மெகாவாட்டால் பெருக்கினால் அதே 9 லட்சம். கணக்கு இப்படிப் பொருந்துவது தற்செயல் இல்லை, எல்பி-யின் (நேர்கோட்டுச் சமன்பாடுகளை வைத்து மிகச் சிறந்த விடை காணும் கணக்கு முறையின்) இருமைத் தேற்றம்.

அமெரிக்காவின் பிஜேஎம் போன்ற சந்தைகளில் இந்த மிச்சம், நிதிசார் டிரான்ஸ்மிஷன் உரிமை வைத்திருப்பவர்களுக்குப் போகும். நெரிசல் வந்தால் விலை ஏறும் என்று பயப்படுபவர் அந்த உரிமையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் சந்தையைப் பிரிப்பதால் வரும் நெரிசல் தொகை மின் அமைப்பு மேம்பாட்டு நிதிக்குப் போகிறது. லைன் வைத்திருப்பவருக்கே அந்தப் பணம் போனால் நெரிசலைத் தீர்க்க அவருக்கு அக்கறை இருக்காது, அதனால் நம் ஏற்பாட்டின் அடிப்படை சரி என்றே நினைக்கிறேன்.

9. "நம்ம ஊர்ல ஒவ்வொரு சப்ஸ்டேஷனுக்கும் ஒரு விலை இருக்கா?"

இல்லை. நம்முடைய பரிவர்த்தனை நாட்டை ஏல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது, எஸ்2 தமிழ்நாடு, எஸ்3 கேரளம் என்பது மாதிரி. அடுத்த நாளுக்கான 96 கால்மணி நேரத் துண்டுகளுக்கும் வாங்குபவர், விற்பவர் ஏலங்களை முதலில் லைன் தடையே இல்லாததுபோல் சேர்த்து நாடு முழுக்க ஒரு விலை கண்டுபிடிப்பார்கள். அந்தப் பரிமாற்றத்துக்கு லைன் போதவில்லை என்றால் சந்தை பிரியும், தட்டுப்பாடுள்ள பக்கம் விலை ஏறும், மின்சாரம் தேங்கும் பக்கம் விலை இறங்கும்.

இதன் வலியைத் தமிழ்நாட்டுக்காரர்கள் நன்றாகவே அனுபவித்தார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் இணையும்வரை தெற்கு கிரிட் தனி. தால்ச்சர்–கோலார் மாதிரி சில நேர்மின் இணைப்புகள் வழியாகத்தான் வடக்கிலிருந்து மின்சாரம் வர முடியும். 2012-ல் ஊரில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலத்தில், நாட்டின் மற்ற பகுதியில் குறைந்த விலைக்கு மின்சாரம் இருந்தும் எஸ்1, எஸ்2 என்ற தென் மண்டலங்களில் விலை தனியாக உயர்ந்து நின்றது. கோயம்புத்தூர் ஆலைக்காரர் பணம் வைத்துக்கொண்டு வாங்கத் தயாராக இருந்தார், வர வழிதான் இல்லை.

10. "மண்டலம் பிரிச்சாப் போதாதா, கணுவுக்குக் கணு விலை எதுக்கு?"

கணு என்பது சப்ஸ்டேஷன் மாதிரி லைன்கள் சந்திக்கும் புள்ளி. மண்டலத்துக்குள்ளேயே நெரிசல் இருந்தால் மண்டல விலைக்கு அது தெரியாது. மகாராஷ்டிரம் முழுக்க ஒரே விலை என்றால், விதர்பாவில் நிலக்கரி நிலையத்துக்கும் மும்பைக்குள் இருக்கும் நிலையத்துக்கும் ஒரே விலைதான். மூன்றாவது பதிலில் சொன்ன தடை அந்த விலையில் எங்கும் தெரியாது. அப்புறம் இதில் விளையாடவும் இடம் உண்டு. அனுப்பவே முடியாது என்று தெரிந்தே ஒருவர் ஏலம் கேட்பார், பிறகு குறைத்துக்கொள் என்று சொல்லும்போது அதற்கும் பணம் வாங்குவார்.

கலிஃபோர்னியா மண்டல முறையில் தொடங்கி 2009-ல் கணு விலைக்கு மாறியது, டெக்சாஸ் 2010 டிசம்பரில் மாறியது. ஐரோப்பா மண்டலங்களை வைத்துக்கொண்டே, அவற்றுக்கிடையே உண்மையான மின்பாய்வைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு 2015-லிருந்து நகர்ந்தது. இந்தியா நாளைக்கே கணு விலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து மாவட்டத்தைவிட உனக்கு யூனிட் இரண்டு ரூபாய் அதிகம் என்று மக்களிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. ஆனால் கணு விலைகளைக் கணக்கிட்டு வெளியிடவாவது வேண்டும், யாரும் அதன்படி பணம் கட்டாவிட்டாலும்கூட.

11. "மார்க்கெட் முடிஞ்சு ஷெட்யூல் போட்டாச்சு. அப்புறம் நெரிசல் வந்தா?"

முதலில் திருத்திக்கொள்ள வாய்ப்பு: 2020 ஜூன் 1 முதல் உடனடிச் சந்தை அரை மணிக்கு ஒரு ஏலம் நடத்துகிறது. அதற்கும் பிறகு லோட் டெஸ்பாட்ச் மையம் துணைச் சேவை நிலையங்களை (கூடக்குறைவைச் சரிசெய்ய வைத்திருப்பவற்றை) ஏற்றி இறக்கும். 2019 ஏப்ரல் 1 முதல் நடக்கும் எஸ்சிஇடி (பாதுகாப்பு எல்லைக்குள் சிக்கனமாக நிலையங்களை ஓட்டும் முறை), மாநிலங்களுக்கிடையேயான நிலையங்களை மாறும் செலவின் வரிசையில், லைன் தடைகளுக்குள், மறுபடி அடுக்குகிறது. ஆறாவது பதிலில் போட்ட கணக்கின் பெரிய வடிவம்தான் அது. எதுவும் போதவில்லை என்றால் வெட்டு. தற்காலிக அனுமதியில் வந்தவர்கள் முதலில் போவார்கள், நிரந்தர அனுமதி வைத்திருப்பவர்கள் கடைசியில்.

12. "ஆப்டிமைசேஷன்னு பெருசா சொல்றாங்க. உண்மையில உள்ள என்ன இருக்கு?"

குறைக்க வேண்டியது மொத்தச் செலவு (ஏலச் சந்தையில் வாங்குபவர், விற்பவர் இருவரின் மொத்தப் பயனைக் கூட்டுவது). கட்டுப்பாடுகள்: உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு லைனும் எல்லைக்குள், ஒவ்வொரு நிலையமும் அதன் கீழ்–மேல் வரம்புக்குள், ஏறி இறங்கும் வேகத்துக்குள். பிரெஞ்சுக்காரரான கார்ப்பாந்தியே 1962-ல் இதை முறையாக எழுதினார், ஓபிஎஃப் (உகந்த மின்பாய்வு) என்பது அதுதான். மின்னழுத்தத்தை நிலையாகவும், கோணங்களைச் சிறியதாகவும், இழப்பைப் பூஜ்யமாகவும் வைத்தால் எல்லாம் நேர்கோட்டுச் சமன்பாடுகள் ஆகிவிடும், டிசி ஓபிஎஃப் என்ற எல்பி கிடைக்கும். அப்படி எளிமைப்படுத்தாவிட்டால் ஏசி ஓபிஎஃப், அது குவிவற்றது, கிடைத்த விடைதான் மிகச் சிறந்தது என்று பொதுவாக உறுதி சொல்ல முடியாது. 'எடுத்தால் முழுதாக எடு, இல்லையென்றால் விடு' வகை பிளாக் ஏலங்கள் வந்தால் பூஜ்யம்–ஒன்று மாறிகள் சேர்ந்து எம்ஐஎல்பி (முழு எண்கள் கலந்த எல்பி) ஆகும். ஐரோப்பியச் சந்தையின் யூஃபீமியா அல்காரிதம் தினமும் தீர்ப்பதிலும் அப்படிப்பட்ட பூஜ்யம்–ஒன்று மாறிகள் உண்டு.

பெரிய கிரிட்டில் உண்மையான தலைவலி இரண்டாம் பதிலில் சொன்ன 'என் மைனஸ் ஒன்'. ஆயிரக்கணக்கான லைன், ஒவ்வொன்றும் போனால் மற்ற எல்லாம் என்ன ஆகும் என்று எழுதினால் கட்டுப்பாடுகள் லட்சங்களைத் தாண்டிவிடும். ஆனால் அவற்றில் உண்மையில் இறுகுவது மிகச் சில. அதனால் முதலில் சிலவற்றை மட்டும் வைத்துத் தீர்த்து, எது மீறுகிறது என்று பார்த்து, அதை மட்டும் சேர்த்து மறுபடி தீர்ப்பார்கள். புத்தகங்களில் ஒரு வரியில் போகும் இந்த உத்திதான் நடைமுறையில் நேரத்துக்குள் விடை கொடுக்கிறது.

13. "பிஎஸ்ஓ, ஜெனடிக், சாம்பல் ஓநாய், மின்மினி, தீசிஸுக்கு எது பெஸ்ட் அக்கா?"

இவையெல்லாம் இயற்கையைப் பார்த்து உருவான, ரேண்டமாகத் தேடி விடை காணும் முறைகள். அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் கணக்கு டிசி ஓபிஎஃப் என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம். எல்பி சால்வர் கண்சிமிட்டும் நேரத்தில் மிகச் சிறந்த விடையைத் தரும், அதைவிடச் சிறந்த விடை இல்லை என்று நிரூபித்தும் தரும். அதற்கு ஓநாய்க்கூட்டம் எதற்கு? 1995-ல் பிஎஸ்ஓ வந்தது, 2014-ல் சாம்பல் ஓநாய் வந்தது, நடுவிலும் பின்னாலும் எத்தனையோ. பெயரை மட்டும் மாற்றி அதே கணக்கை மறுபடி போட்ட கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. எல்லாக் கணக்குக்கும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தேடல் முறையும் மற்றதைவிடச் சிறந்ததல்ல என்று வோல்பர்ட்டும் மெக்ரெடியும் 1997-லேயே காட்டிவிட்டார்கள்.

இவற்றுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. லைனின் மின்மறுப்பை மாற்றும் டிசிஎஸ்சி போன்ற கருவியை எந்த லைனில் வைப்பது (ராய்ப்பூர்–ரூர்கேலா 400 கேவி லைனில் இருப்பது மாதிரி), நீராவி வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் வால்வு பாயின்ட் விளைவால் மேடு பள்ளமான செலவுக்கோடு, டிரான்ஸ்ஃபார்மர் டேப் போலப் படிப்படியாக மாறும் மாறிகள் இவையெல்லாம் ஏசி சமன்பாடுகளோடு கலந்து வரும்போது பயன்படுத்தலாம். ஆனால் ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். எல்லா முறைக்கும் ஒரே எண்ணிக்கை மதிப்பீடுகள், பல தனித்தனி ஓட்டங்கள், சராசரியோடு சிதறலும். எல்லை மீறினால் செலவோடு சேர்க்கும் பெனால்டி எடையைக் குறைவாக வைத்தால் லைன் 101 சதவீதம் ஓடும் விடை மிக மலிவாகத் தெரியும். அதனால் கடைசி விடையை ஒரு ஏசி லோட்ஃப்ளோவில் (எளிமைப்படுத்தாத மின்பாய்வுக் கணக்கில்) போட்டு எல்லை மீறல் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த அட்டவணையைத் தீசிஸிலும் போடுங்கள்.

சந்தை என்று வரும்போது இன்னும் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்த முறைகள் ஷெட்யூலைத் தரும், விலையைத் தராது. எட்டாவது பதிலில் வந்த 6 ரூபாய் நிழல் விலை எல்பி-யில் தானாக விழுகிறது, ஓநாயிடமிருந்து விழாது. அதோடு இன்றைக்கு ஓட்டினால் ஒரு விடை, நாளைக்கு ஓட்டினால் சற்றே வேறு விடை. ஐந்தாவது பதிலில் சொன்ன அந்த நிலையக்காரர் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நின்று, என்னை ஏன் 40 மெகாவாட் குறைத்தாய் என்று கேட்டால், ரேண்டம் எண் அப்படி வந்தது என்று சொல்ல முடியுமா? சம்பந்தப்பட்ட எவரும் அதே தரவை வைத்து அதே விடைக்கு வர முடிய வேண்டும், சந்தைக்கு அதுதான் குறைந்தபட்சத் தகுதி.

14. "ஐஇஇஇ 30 பஸ் சிஸ்டத்துல பண்ணிட்டேன். போதுமா?"

கற்றுக்கொள்ளப் போதும். பஸ் என்பது கணுதான். அது 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் நிறுவனத்தின் கிரிட்டில் ஒரு பகுதி. கவனிக்க வேண்டியது, மூலத் தரவில் லைன் எல்லைகளே கிடையாது. நெரிசலைப் பற்றிய ஆய்வில் எல்லைதான் உயிர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள், ஆகவே வேறொரு கட்டுரையின் செலவைவிட என் செலவு குறைவு என்பதற்குப் பல நேரம் அர்த்தமே இல்லை. மேட்பவர் மென்பொருளில் 30 பஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் உண்டு, எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பிஜிலிப் தொகுப்பில் எல்லைகளோடு ஒழுங்கான தரவு இருக்கிறது, 118 பஸ்ஸும் அதைவிடப் பெரியவையும் அங்கே கிடைக்கும்.

15. "சென்சிடிவிட்டி அதிகமா இருக்குற ஜெனரேட்டரை மட்டும் எடுத்து ரீஷெட்யூல் பண்ணா சரிதானே?"

பாதி வழிதான். சென்சிடிவிட்டி என்பது ஒரு நிலையத்தை 1 மெகாவாட் மாற்றினால் நெரிசலான லைனில் எவ்வளவு மாறும் என்பது. அதன் மதிப்பு எந்த கணுவை ஸ்லாக்காக (கூடக்குறைவைச் சமன்செய்யும் கணுவாக) வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். மாறாதது இரண்டு நிலையங்களுக்கிடையிலான வித்தியாசம். நம் முக்கோணத்தில் வித்தியாசம் மூன்றில் ஒன்று. விலை வித்தியாசம் 2 ரூபாய். 2-ஐ மூன்றில் ஒன்றால் வகுத்தால் 6 ரூபாய், மறுபடி அதே நிழல் விலை. ஆகவே சென்சிடிவிட்டியை மட்டும் பார்த்து வடிகட்டினால், கொஞ்சம் குறைந்த பலனை மிகக் குறைந்த விலைக்குத் தரும் நிலையத்தை வெளியே தள்ளிவிடுவீர்கள். ஒரு லைனைச் சரிசெய்யும்போது இன்னொரு லைன் நிரம்புவதையும் தனி வடிகட்டல் காட்டாது. இன்றைய கணினிக்கு எல்லா நிலையத்தையும் சேர்த்துப் போடுவது பெரிய சுமை இல்லை.

16. "சூரிய மின்சாரம் சும்மாதானே வருது. அதை ஏன் வெட்டுறாங்க?"

ராஜஸ்தானில் நண்பகலில் நடப்பது இது. பேனல் போட ஒன்றிரண்டு ஆண்டு போதும், 765 கேவி லைன் போட அதைவிட அதிகம் ஆகும். அதில் கானமயில் வாழும் பகுதிகளில் லைன் போவது பற்றி உச்ச நீதிமன்றம் 2021-ல் கொடுத்து 2024-ல் மாற்றிய உத்தரவும் சேர்ந்துகொண்டது. லைன் தயாராவதற்குள் தற்காலிக அனுமதியில் ஓடும் நிலையங்கள் பதினொன்றாவது பதிலில் சொன்ன வரிசையில் முதலில் வெட்டப்படுகின்றன.

பேட்டரி உதவும், ஆனால் எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பது முக்கியம். நிரம்பிய லைனுக்கு உற்பத்திப் பக்கம் வைத்தால் பகலில் தேங்குவதை வாங்கி, லைன் காலியாகும் இரவில் அனுப்பலாம். நகரத்துப் பக்கம் வைத்தால் லைன் காலியாக இருக்கும் நேரத்தில் நிரப்பி, உச்ச நேரத்தில் நகரத்துக்குக் கொடுக்கலாம். மண்டலம் முழுக்க ஒரே விலை இருக்கும்போது பேட்டரி போடுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, நிலம் எங்கே மலிவோ அங்கே போடுவார்.

17. "இவ்வளவு கணக்குக்குப் பதிலா புது லைன் போட்டா முடிஞ்சிடாதா?"

சில இடங்களில் அதுதான் சரி. எங்கே என்று சொல்வதும் அதே நிழல் விலைதான். நம் முக்கோணத்தில் 6 ரூபாய் என்றால், 1 மெகாவாட் கூடுதல் திறனுக்கு மணிக்கு 6,000 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் நெரிசல் இருந்தால் 1 கோடியே 20 லட்சம். லைனின் ஆண்டுச் செலவு மெகாவாட்டுக்கு அதைவிடக் குறைவென்றால் உடனே போடலாம். ஆண்டுக்கு 50 மணி நேரம்தான் நெரிசல் என்றால் 3 லட்சம்தான், அதற்காக லைன் போட்டு எல்லா நுகர்வோர் தலையிலும் கட்டுவதைவிட, அந்த 50 மணி நேரம் விலை கூடிய நிலையத்தை ஓட்டிவிட்டுப் போகலாம்.

மும்பைக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. 2020 அக்டோபர் மாதிரி ஒரு நாளில் ரயிலும் மருத்துவமனையும் நின்றால் வரும் நஷ்டம் எந்த ஏல விலையிலும் இல்லை, அதைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். இங்கே சதுப்பு நிலக் காடு, கழிமுகம், குடியிருப்பு எல்லாவற்றையும் தாண்டி அனுமதி வாங்கவே பல ஆண்டுகள் ஆகும். அதனால் இன்றைக்கு எவ்வளவு நெரிசல் என்று பார்த்து முடிவெடுத்தால் லைன் வரும்போது தேவை எங்கோ போயிருக்கும், பத்து ஆண்டுக்குப் பிறகான தேவையை வைத்து இப்போதே போட வேண்டியிருக்கிறது.